ஜவ்வு விலகுன கதை

கரிமூட்டத்துல மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர், எம்.ஆர்.ஐ. பையோட ஓ.பி.க்கு வந்தார். "சார், ஜவ்வு விலகிருச்சாம். எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. இருபது நாளா படுத்தே கெடக்கேன். ஆபரேஷனுக்கு நிலத்தை அடமானம் வைக்கவா?"

இந்தக் கேள்விக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு மக்களே.

இடுப்புல இருந்து காலுக்கு இழுக்குற வலி நரம்பு வலிதான்னு 1764லயே இத்தாலிய மருத்துவர் கோட்டுன்யோ எழுதிட்டார். நரம்பை அழுத்துறது எதுன்னு தெளிவாக 170 வருசம் ஆச்சு. அதுவரை ஆபரேஷன்ல கிடைச்ச துண்டைக் குருத்தெலும்புக் கட்டின்னு நினைச்சாங்க. கட்டி இல்ல, முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்குற டிஸ்க்தான் பிதுங்கி வருதுன்னு 1934ல பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதினாங்க.

கவனிங்க, பிதுங்குது. தட்டு மாதிரி இடம் மாறி 'விலகுறது' இல்ல. ஓரம் கிழிஞ்சு உள்ள இருக்குற கூழ் வெளிய வருது. அதை மிதிச்சோ தட்டியோ உள்ள தள்ள முடியாது.

அப்புறம் உலகம் முழுக்க ஆபரேஷன்தான். 1960கள்ல அமெரிக்காவுல லைமன் ஸ்மித், பப்பாளிப் பால்ல இருந்து எடுத்த நொதியை டிஸ்க்குள்ள ஊசியாப் போட்டுக் கரைக்கப் பார்த்தார். 1982ல அங்க அனுமதி கிடைச்சுது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்துச்சு. பிற்பாடு மருந்து விற்பனையே நின்னுபோச்சு. (பப்பாளி மரத்தைக் கீறக் கிளம்பிராதீங்க!)

எனக்குப் பிடிச்சது நார்வே மருத்துவர் வெபர் 1983ல வெளியிட்ட ஆய்வு. 126 பேரைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதிக்கு ஆபரேஷன், மத்தவங்களுக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம். ஒரு வருசத்துல ஆபரேஷன் ஆனவங்க நிலைமை மேல். பத்தாவது வருசம் பெரிய வித்தியாசம் இல்ல. பிதுங்குன கூழைப் பலருக்கு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிருது.

படுக்கை? 1986ல அமெரிக்காவுல சாதாரண இடுப்பு வலிக்காரங்களை வச்சுப் பார்த்தாங்க. ஏழு நாள் படுக்கச் சொன்னவங்களை விட ரெண்டு நாள் சொன்னவங்க சீக்கிரம் வேலைக்குத் திரும்பினாங்க.

அண்ணனுக்குக் கால் பலம் சரியா இருந்துச்சு, சிறுநீர் தடையில்ல. வலி மாத்திரை கொடுத்து, நடங்க, ஆறு வாரம் மூட்டை மட்டும் வேண்டாம்னேன். "தூக்கலைன்னா கூலி யார் சார் தருவா?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. எடை போடுற வேலை கிடைக்குமான்னு கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நிலப் பத்திரம் இப்போதைக்கு வீட்லயே இருக்கு.

ஆனா உட்கார்ற இடம் மரத்துப்போனா, சிறுநீர் அடைச்சா, தானா கசிஞ்சா, பாதம் தொங்குனா, விடியட்டும்னு இருக்காதீங்க. ராத்திரியே 108ஐக் கூப்பிட்டு தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அங்க ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.