தெரிந்த பாட்டும் ஆறு தந்தியும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதை 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. அப்பாதையில் அமைந்த நிலையங்களுள் ஒன்று வத்தேகம. பன்வில, மடுல்கலை, ஹூன்னஸ்கிரிய முதலான இடங்களின் தோட்டங்களுக்கு வாயிலாக விளங்குவது இச்சிற்றூர். கோப்பிக் காலத்திலும், பின்னர் தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர் தம்முடன் கொணர்ந்த கருவிகள் தப்பும் உடுக்கும். கொணர்ந்த இசை காமன் கூத்தும் தாலாட்டும் ஒப்பாரியும். அயற்கிராமங்களிலோ கண்டிய முழவாகிய கெட்டபெர ஒலித்தது. இவற்றிடையே கிற்றார் என்னும் மேனாட்டுத் தந்திக்கருவி குடியேறியது எவ்வாறு? அதனைப் பயிலும் தோட்டத்துப் பிள்ளை எப்பாட்டிலிருந்து தொடங்குகிறான்? இரண்டு வினாக்களும் ஒன்றையொன்று சார்ந்தவை.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். கதிரை, அலுமாரி, சப்பாத்து, யன்னல் என்னும் சொற்களை நமக்கு விட்டுச் சென்ற அவர்கள், தந்திவாத்தியங்களையும் ஆடற்பாடல்களையும் விட்டுச் சென்றனர். மட்டக்களப்புப் பறங்கியரிடையே கபிரிஞ்ஞா ஆடலுக்கு வயலினும் கிற்றாரும் றபானும் இன்றளவும் துணைநிற்கின்றன. ஆயினும் கண்டி இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் ஒருபோதும் அடக்கி ஆண்டதில்லை. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் அவர்தம் படைகள் முறியடிக்கப்பட்டன. ஆகவே கரையோரத்திற் பழகிப்போன கருவி, மலைநாட்டுக்கு வாளின் துணைகொண்டு வரவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின்னர் வந்த பாதைகளும், புகைவண்டியும், கிராமபோன் தட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வானொலியும் திறந்துவிட்ட வழியிலேதான் அது மலையேறிற்று.

கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தன் பணியைத் தொடங்கிற்று. பொலிஸ் சேவையிலிருந்த வோலி பஸ்தியான், கபிரிஞ்ஞாவின் தாளக்கட்டிலே சிங்களச் சொற்களை ஏற்றிப் பைலாவைப் பொதுமக்கள் பாட்டாக்கினார். சுனில் சாந்தா 1946இல் தம் முதற் பாடலை ஒலிப்பதிவு செய்தார். சாந்திநிகேதனத்திலும் இலக்னோவிலும் வடநாட்டிசை பயின்றவர் அவர். எனினும் அவர் ஆக்கிய மெட்டுகள் இராகப் பயிற்சியை வேண்டாதவை, எவரும் கேட்ட மாத்திரத்தே பாடக்கூடியவை. 1952இல் வானொலிக் கலைஞரைத் தரம்பிரிக்க இந்தியாவினின்று பேராசிரியர் ரதஞ்சங்கர் அழைக்கப்பட்டபோது, வடநாட்டிசை அளவுகோலால் தம் பாட்டு அளக்கப்படுவதற்குச் சாந்தா இணங்கவில்லை. அதனால் வானொலியில் அவருக்கிருந்த இடம் பறிபோயிற்று. மக்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த பாட்டை ஒரு தேர்வுமுறை வெளியே நிறுத்திய நிகழ்ச்சி அது. வானொலி வரலாற்றிற் பெருமைக்குரிய அத்தியாயமன்று. தேர்வாளர் கேட்காவிடினும் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அப்பாடல்கள் நிலைத்தன.

பயிற்சிமுறை பற்றிய இதே வழக்கு மேனாட்டிலும் நடந்துண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்னாண்டோ சோர் போன்ற ஸ்பானிய விற்பன்னர் கிற்றாருக்கு முறையான பாடநூல் வகுத்தனர். அதே நூற்றாண்டில் அந்தோனியோ டி டொரஸ் என்பார் கருவியின் உடலைப் பெரிதாக்கி, இன்று காணும் வடிவத்தை அமைத்தார். அவ்வழியிற் பயில்பவர் முதலிலே சுரக்குறிகளை வாசிக்கக் கற்பர். பாட்டு பின்னரே வரும். ஆனால் 1956ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் லொனி டொனெகன் பாடிய எளிய நாட்டுப்பாடல்களைக் கேட்ட இளைஞர், மூன்றே கைநிலைகளைக் கற்றுக்கொண்டு தாமும் பாடலாயினர். அடுத்த ஆண்டு பேட் வீடன் வெளியிட்ட தொடக்கநூலின் தலைப்பே, ஒரே நாளில் வாசிக்கலாம் என்று வாக்களித்தது. ஒரு நாளில் விரல்நுனி புண்ணாகுமேயன்றிக் கை பழகாது என்பது பயின்றோர் யாவரும் அறிந்ததே. ஆயினும் அந்நூலைக் கொண்டு தொடங்கியோருட் பலர் பிற்காலத்திற் புகழ்பெற்ற கலைஞராயினர்.

மூன்று கைநிலைகள் எங்ஙனம் போதியவாகும்? தமிழிசை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பல சுரங்கள் ஒருங்கே ஒலிப்பதை ஆங்கிலத்தில் கோட் என்பர், சுரக்கூட்டு எனலாம். ஷட்ஜத்தின் மேல் எழுவது ச–க–ப. மத்திமத்தின் மேல் எழுவது ம–த–ச. பஞ்சமத்தின் மேல் எழுவது ப–நி–ரி. இம்மூன்றையும் சேர்த்து எண்ணினால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் அடங்கிவிடும்; ஒன்றும் எஞ்சாது. ஆகையால் அவ்விராகச் சாயலிலே செல்லும் எளிய பாட்டு எதற்கும் இம்மூன்று கூட்டுகளும் ஏறக்குறையத் துணைநின்றுவிடும். ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுகளைக் கேட்டு முத்துசாமி தீட்சிதர் சங்கராபரணத்தில் நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றியதும் இவ்விடத்து நினைக்கத்தகும். கேட்டுப் பழகிய மெட்டைப் புதிய மொழிக்குக் கொணர்தல் நம்மவர்க்குப் புதிதன்று. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் பயின்ற வயலின், பின்னாளில் கருநாடக இசையரங்கின் பிரிக்கவியலாத உறுப்பாயிற்று.

கிற்றாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ எனச் சுருதி கூட்டப்படும். ஜி, சி, டி என்னும் மூன்று கோட்களே தொடக்கநிலையினர்க்கு ஏற்றவை. எஃப் கோட்டை முழுமையாகப் பிடிக்க ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டியிருப்பதால், முதல் வாரத்திலேயே அதனைக் கற்பிக்க முனையும் ஆசிரியர் மாணவனை இழப்பார். விரலை உலோகக் கட்டையின் மேல் வையாது அதனை ஒட்டிப் பின்னே வைத்து அழுத்தல், ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாளம் தவறாது மாறுதல், வலக்கையை மேலும் கீழுமாக ஒரே சீராக இயக்குதல் ஆகியவையே அடிப்படை. இவற்றுள் மாறுதலே கடினம். பாட்டு முன்னரே தெரிந்ததாயின், எங்கே மாறவேண்டும் என்பதைக் காது சொல்லிவிடும். கை பிழைத்தால் உடனே உறுத்தும். தெரியாத பாட்டாயின் பிழையும் தெரியாது. தெரிந்த பாட்டிலிருந்து தொடங்கும் முறையின் நியாயம் முழுவதும் இதுவே. சுரக்குறி வாசிக்கும் பயிற்சியை இது விலக்குவதில்லை, தள்ளிவைக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகட்கு அத்தகைய தெரிந்த பாட்டுகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து பெருகின. நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணப் பேச்சுமொழியையும் மேனாட்டுத் தாளத்தையும் ஒன்றாக்கியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தது. அம்மெட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்தது. துள்ளிசை என வானொலியில் வழங்கிய இவ்வகைப் பாட்டுகளைப் புலமையாளர் சிலர் இகழ்ந்தனர். ஆனால் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் கண்டிச் சூழலில், ‘சுராங்கனி’யைத் தொடங்கினால் யாவரும் சேர்ந்து பாடுவர்; கிற்றார்க்காரனுக்கோ இரண்டு மூன்று கூட்டுகளே வேண்டும். இளையராஜாவே பண்ணைப்புரத்து நாட்டுப்பாட்டிலும் தமையனார் பாவலர் வரதராசனின் மேடைகளிலும் காது பழுத்த பின்னரே, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை முறையைப் பயின்றார் என்பதும் கருதற்பாலது.

இவ்விடத்தே ஓர் இடர்ப்பாட்டையும் மறைத்தலாகாது. தோட்டத்துப் பழம்பாட்டு சங்கராபரணச் சாயலிலே அமையவேண்டும் என்னும் விதியில்லை. அதன் சுரங்கள் வழுக்கும், அசையும், நான்கைந்து சுரங்களுக்குள்ளே சுழலும். மூன்று கூட்டுகளை அதன் மேல் ஏற்றினால் மெட்டு தன் முகத்தை இழந்து, பைலாவின் உறவினன் போலத் தோன்றத் தொடங்கும். அப்பாடல்களோ முன்னமே பேரிழப்புக்கு ஆளானவை. 1948இன் குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தமும் பாடுவோரையே பிரித்துவிட்டன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்ததனாற் பலவற்றின் சொற்கள் எஞ்சின. மெட்டு காகிதத்தில் நிற்பதில்லை.

இதற்குக் கருவியிலேயே ஒரு வழி உண்டு. ஐந்தாம் தந்தியாகிய ஏ என்பதை ஷட்ஜமாகக் கொண்டால், ஆறாம் தந்தியும் முதல் தந்தியும் பஞ்சமமாக நிற்கும். இம்மூன்றையும் விரல் படாமல் தம்பூராப் போல மீட்டிக்கொண்டு, பாட்டி பாடிய தாலாட்டைப் பேரன் வாயாற் பாடலாம். இடக்கை பழகிய பின், நடுவிலுள்ள தந்திகளில் விரலை வழுக்கி மெட்டையே தொட்டுப் பார்க்கலாம். பிரசன்னா என்னும் கலைஞர் கருநாடக இசையின் கமகங்களைக் கிற்றாரில் வாசிப்பது இத்தகைய வழுக்கலாலேயே. தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வளவு தேர்ச்சி வேண்டியதில்லை. காந்தாரத்தை வற்புறுத்தாத இந்தச் ச–ப ஒலியின் மேல் பாட்டி எந்த அசைவோடு பாடினாலும் கருவி அவளை மறுத்துரைப்பதில்லை.