சாவி ஒன்று, கைகள் பல

கால்கை வலிப்பு நோயாளிகள் சிலருடைய மூளையின் மேற்பரப்பில் மின்வாய்களைப் பொருத்தி, அங்கு எழும் மின்னலைகளைப் பதிவு செய்து ஆராய்வது வழக்கம். 2002-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த குழுவினருக்கு ஒரு விசித்திரமான இடையூறு இருந்தது. பதிவுகளை ஆராயும் மென்பொருளுக்கு ஒரே உரிமந்தான் அவர்களிடம் இருந்தது. அதற்குரிய சிறு சாவிக் கருவியைக் கணிப்பொறியில் செருகினாலன்றி அம்மென்பொருள் இயங்காது. பொறியியலார், மருத்துவ மாணவர், ஆராய்ச்சியாளர் ஆகிய அனைவரும் அந்த ஒற்றைச் சாவியை முறைவைத்துக் கைமாற்றிக் கொண்டனர். அறிவைத் தேடுவோர் ஒரு சாவிக்காகக் காத்திருந்த காட்சி அது!

அக்குழுவில் இருந்த நரம்பியல் அறிஞர் ஜான் ஹண்டர், முதலில் 'மேட்லேப்' என்னும் வணிக மென்பொருளைக் கொண்டு மாற்று வழி செய்தார். தரவுகளின் சிக்கல் பெருகவே அதுவும் போதவில்லை. பின்னர் பைத்தான் மொழியில், வரைபடம் தீட்டும் 'மேட்பிளாட்லிப்' என்னும் கருவியைத் தாமே எழுதி, மூலநிரலுடன் 2003-இல் வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஹபிள் தொலைநோக்கியின் விஞ்ஞானப் பணிகளைக் கவனிக்கும் பால்டிமோர் நிறுவனமும் இதன் வளர்ச்சிக்குத் துணை நின்றது.

நூலை எழுதி முடித்தவர் அதைவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். மென்பொருளை எழுதியவருக்கு அந்த விடுதலை கிடையாது. கணிப்பொறிகள் மாறும், மொழி மாறும், எங்கோ இருக்கும் ஒருவர் திருத்தம் ஒன்றை அனுப்புவார். அதை ஏற்றால் பழைய வரைபடங்கள் கெடுமா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும். ஹண்டர் பின்னாளில் நிதித்துறைக்குப் பணிமாறிய பிறகும் இப்பொறுப்பைக் கைவிடவில்லை.

2012 ஆகஸ்டு 28 அன்று, 44-ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றது. அதற்குச் சற்று முன்னரே மைக்கேல் ட்ரோட்பூம் தலைமைப் பொறுப்புக்கு வந்துவிட்டார். பின்னர் தாமஸ் காஸ்வெல் அவருடன் சேர்ந்தார். பணி ஒரு நாளும் நிற்கவில்லை. 2019-இல் உலகுக்குக் காட்டப்பெற்ற கருந்துளைப் படத்தை உருவாக்கிய ஆய்விலும் இக்கருவி பயன்பட்டது.

ஆனால் நிரலின் பதிப்புரிமை அதுவரை ஹண்டர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. 2013 ஜூலையில், 1.3.0 என்னும் வெளியீட்டுடன், அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. அன்று முதல் எழுதியவர் ஒவ்வொருவரும் தாம் எழுதிய பகுதிக்குத் தாமே உரிமையாளர்.