அய்யங்குளத்தில் இறங்காத நீச்சல்காரர்

நீச்சல் பிடித்த ஒருவர், திருவண்ணாமலைக்கு வந்த அன்று குளத்தில் இறங்கவே இல்லை. 1896 செப்டம்பர் 1. கோயிலுக்குள் போய் அருணாசலேசுவரரைக் கண்டுவிட்டு, அந்தப் பதினாறு வயதுப் பையன் அய்யங்குளத்துக்கு வந்தான். கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தைத் தண்ணீரில் வீசினான். தலையை மழித்துக்கொண்டான். பூணூலைக் கழற்றினான், வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கினான், மிச்சமிருந்த காசையும் எறிந்தான். மொட்டை போட்டால் முழுக்குப் போடுவதுதான் வழக்கம். இந்த உடம்புக்கு அந்தச் சுகம் எதற்கு என்று திரும்பி நடந்தவனைக் கோயிலுக்குள் நுழையும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

மதுரையில் இதே வெங்கடராமன், ராத்திரியில் தலையணையை ஆள் படுத்திருப்பதுபோல் வைத்துவிட்டு, கூட்டாளிகளோடு வைகைக்கு நழுவியவன். பின்னாளில் ரமண மகரிஷி. தண்ணீரை விடுவது அவருக்கு லேசாக இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காசை விடுவது வேறு.

எங்கள் ஊரில் முழுக்குக்கு ஒரு தண்ணீர், நீச்சலுக்கு வேறு தண்ணீர். கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபம் எழுப்பிய காலத்தில், 1516 வாக்கில், வெட்டிய சிவகங்கைத் தீர்த்தம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் யாராவது மல்லாந்து மிதந்தால் என்ன ஆகும்! அய்யங்குளம் அவ்வளவு கறாரில்லை. ஆனாலும் மகாதீபம் முடிந்து மூன்று நாள் அங்கே தெப்பல்; சந்திரசேகரர், பராசக்தி, முருகன் என்று ஒருவர்பின் ஒருவராக வலம் வருவார்கள். சாமி மிதக்கும் இடத்தில் காலை உதைத்து விளையாடாதே என்பாள் பாட்டி.

பையன்கள் போனது சமுத்திரம் ஏரிக்கு. மலையின் தென்புறத்து மழைநீர் வந்து சேருமிடம். கடல் பார்க்க ஆசைப்பட்ட ஒரு ராணிக்காக வெட்டியது என்று கதை சொல்வார்கள். ரொம்ப நாள் காய்ந்துகிடக்கும் ஏரிக்கு அந்தப் பேர் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து ஏரி கோடி போனால் ஊரே கரைக்கு வரும். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி, மதகுப் பக்கம் போகாதே என்று மிரட்டித் தள்ளிவிடுவார் தாத்தா. அண்ணன்கள் கற்றது அப்படி. பெண்பிள்ளைகளுக்குக் கரைதான்.

எனக்குக் கிடைத்தது பெரியப்பாவின் கமலைக் கிணறு. ஆண்கள் களத்துமேட்டில் இருக்கும் மத்தியானங்களில் பெரியம்மா என் பாவாடையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டி இறக்கினாள். தண்ணீர் மேலே வெந்நீர், முழங்காலுக்குக் கீழே பனி. கயிறு தளர்ந்தால் நீந்துகிறேன் என்று அர்த்தம், இறுகினால் முங்குகிறேன் என்று. பெரியம்மா அதைக் கையாலேயே கணக்குப் பார்த்தாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது பெரியப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

கமலை போய் மோட்டார் வந்தது. பிறகு ஆழ்துளைக் குழாய். திறந்த கிணறுகள் வற்றின. ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்துகிடக்கின்றன. சமமான வண்டல் தரையை நம்பிக் கால் ஊன்றிப் பழகியவர்களின் அனுபவம் அங்கே செல்லாது. அதனால் குளிக்கத் தடை என்று பலகை வைக்கிறார்கள். என் பேத்தியை வாரம் இருமுறை நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போகிறேன். குளோரின் நெடி. அவள் இடுப்பில் கயிறு இல்லை, ஆனால் பயிற்சி தருவது ஒரு பெண். பெரியம்மா இதைப் பார்த்திருந்தால் கட்டணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.