எண்ணை மாத்தினால் புதுக் கேள்வியா?

ஓ.எல். காலத்தில பாஸ்ட் பேப்பர் செய்யாத ஆக்கள் எங்களுக்குள் ஒருத்தரும் இல்லை. பத்து வருடத் தாள்களை வரிசையாகச் செய்தால், அதே கணக்கு எண்ணை மட்டும் மாத்திக்கொண்டு வருவது பிடிபட்டுவிடும். ரியூசன் சேர் மாதிரி வினாத்தாள் தயாரித்ததும் அப்படித்தான். இந்த வேலையைக் கணினிக்குக் கொடுக்கும் யோசனை நாங்கள் நினைத்ததைவிடப் பழசு.

1968 இல் அமெரிக்காவில் வெல்ஸ் ஹைவ்லியும் அவரோடு வேலை செய்தவர்களும் எண்கணிதச் சோதனைகளுக்கு ஒரு முறை வகுத்தார்கள். கேள்வி ஒரு அச்சு மாதிரி: மாறாத பகுதி, எண்கள் வந்து உட்காரும் இடைவெளிகள், எந்த எண் வரலாம் என்ற விதி. அந்த விதியில்தான் எல்லாம் இருக்கு. 489 இல் 276 ஐக் கழிப்பதும் 402 இல் 187 ஐக் கழிப்பதும் பார்க்க ஒரே கணக்கு. இரண்டாவதில் கடன் வாங்க வேணும், அதுவும் பூச்சியத்தைத் தாண்டி. விதியைக் கவனமில்லாமல் எழுதினால், முதலாவது கிடைத்த பிள்ளை கெட்டிக்காரி, மற்றப் பிள்ளை மொக்கு என்று புள்ளி சொல்லிவிடும்.

1970 இல் ஜோன் போர்மத் இன்னும் தள்ளிப் போனார். பாடநூல் வசனத்தையே இலக்கண விதிகளால் கேள்வியாக்கலாம் என்றார். கேள்வி எழுதுபவரின் விருப்பு வெறுப்பு பரீட்சைக்குள் நுழையக் கூடாது என்பது அவருடைய கவலை.

ஆனால் இந்தத் தேவை பலருக்கு உறைத்தது 1994 இல். ஜிஆர்ஈ பரீட்சை அதற்குக் கொஞ்சக் காலம் முதல்தான் கணினிக்கு வந்திருந்தது. ஒரே கேள்விகள் வேறு வேறு நாட்களில் திரும்ப வந்தன. கப்லான் என்ற ரியூசன் நிறுவனம் தன் ஆட்களைப் பரீட்சைக்கு அனுப்பி, கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்து, பரீட்சை நடத்திய ஈடிஎஸ்ஸிடமே கொண்டுபோய்க் காட்டியது. ஈடிஎஸ் பரீட்சையைக் கொஞ்ச நாள் நிறுத்தியது, கப்லான் மேல் வழக்கும் போட்டது. (எங்கட ஊர் ரியூட்டரிகள் இதைக் கேட்டால் சிரிக்கும்.)

2009 இல் பெட்டினா குரூனும் அக்கிம் சைலெய்ஸும் ஆர் மொழியில் தாங்கள் செய்த ஒரு மென்பொருளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பெருந்தொகை மாணவர் எழுதும் புள்ளிவிபரவியல் பரீட்சைகளுக்கானது. எண்களை எழுமாறாக எடுத்து, விடையைத் தானே கணித்து, ஆளுக்கொரு தாளை அச்சுக்குத் தரும். இலவசம். பிறகு மூடிலுக்கும் கேள்வி அனுப்பப் பழகிவிட்டது.

பக்கத்து வாங்கில் எட்டிப் பார்க்கிற வேலை இதோடு முடிஞ்சுது. ஆனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதை அந்தக் கோப்பில் இன்னும் ஒரு ஆசிரியர்தான் இருந்து எழுதவேணும். 402 வரலாமா என்பதையும்.