ஸாண்டின் பூட்ஸ்

ஜார்ஜ் ஸாண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய கால்சட்டையையும் சுருட்டையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய பூட்ஸை நாம் கவனிப்பதில்லை. 1854-55இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஆணுடை அணிந்து திரிந்த நாட்களை நினைவுகூருகையில், அவர் குழந்தையைப் போலக் குதூகலிப்பது அந்தப் பூட்ஸைப் பற்றி எழுதும்போதுதான்.

1831 ஜனவரியில் பாரிஸுக்கு வந்தபோது அவர் இன்னும் ஜார்ஜ் ஸாண்ட் ஆகியிருக்கவில்லை; அரோர் துதவான் என்ற இருபத்தாறு வயதுப் பெண். நோவான் கிராமத்துச் சொத்து பாட்டி வழியாக அவருக்கு வந்தது. ஆயினும் அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி அதை நிர்வகித்தவர் கணவர். பேசி முடித்த ஏற்பாட்டின்படி அரோருக்குக் கிடைத்தது மாதம் 250 பிராங்க். ஸேன் நதிக்கரையில், ஐந்து மாடி ஏறிச் செல்லவேண்டிய ஒரு மச்சில் குடியேறினார்.

வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லாத பெண்ணுக்குப் பாரிஸ் வீதி இரக்கம் காட்டவில்லை. அக்காலத்துச் சீமாட்டிகளின் காலணி மெல்லியது. கம்பளத்தின்மீது நடப்பதற்கென்றே செய்யப்பட்டதுபோலிருக்கும். இரண்டே நாளில் அது பிய்ந்துபோயிற்று என்கிறார் அரோர். சேற்றுக்காக அதன்மேல் மாட்டிக்கொள்ளும் கட்டைகளோ காலை வாரிவிட்டன. வெல்வெட் தொப்பி மழையில் நனைந்து பாழானது. ஆண் நண்பர்கள் மட்டும் எந்த வானிலையிலும் வெளியே கிளம்பினார்கள், நாடகம் பார்த்தார்கள், இலக்கியம் பேசினார்கள்.

ஆணுடை அணியும் யோசனையைச் சொன்னவர் அவருடைய தாயார். இளமையில், கையில் காசில்லாத நாட்களில், தாமும் அப்படிச் செய்ததுண்டு என்றாராம். கலகக்காரியின் கொடியாக நாம் காணும் அந்த உடை, முதலில் ஒரு சிக்கன நடவடிக்கை. சாம்பல் நிற நீள்கோட்டு, அதே துணியில் கால்சட்டை, கம்பளிக் கழுத்துப்பட்டி. அவற்றோடு இரும்பு அடித்த சிறு குதிகால் கொண்ட பூட்ஸ். அதைக் காலிலிருந்து கழற்றாமலே உறங்கிவிடலாம்போல் இருந்ததாம். நடைபாதையில் கால் உறுதியாக ஊன்றியது. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறந்தார். பெண்கள் அமராத நாடகத் தரைத்தளத்திலும் போய் உட்கார்ந்தார். மறு ஆண்டு ‘இந்தியானா’ நாவல் புதுப்பெயரோடு வெளிவந்தது.

இத்தனைக்கும், ஆணுடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி பெறவேண்டும் என்ற ஆணை 1800 நவம்பர் முதல் பாரிஸில் இருந்தது. ஓவியர் ரோஸா பொனேர் 1857இல் அத்தகைய அனுமதிச்சீட்டு பெற்றார். ஆறுமாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டியது அது. அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவர் விளக்கமளித்தது 2013இல்!

கால்சட்டை அணியாமலே உறுதியான, இதமான தோல்பூட்ஸ் பெண்களுக்குக் கிட்டியது வேறொரு வழியில். லண்டனில் ஜோசப் ஸ்பார்க்ஸ் ஹால் என்ற காலணித் தொழிலர், பக்கவாட்டில் இழுபடும் துணி வைத்து, கயிறோ பொத்தானோ இன்றிக் காலை நுழைத்துக்கொள்ளும் பூட்ஸைச் செய்தார். 1837இல் முதல் ஜோடியை விக்டோரியா அரசிக்கு அளித்தார். 1840இல் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் கம்பியும் ரப்பரும் அவருக்குச் சரிவர ஒத்துழைக்கவில்லை. பருத்தி நூலோடு ரப்பரைச் சேர்த்து நெய்த பின்னரே காரியம் கைகூடியது. அரசி அவற்றை அணிந்து நாள்தோறும் நடக்கிறார் என்று 1846இல் தம் புத்தகத்தில் பெருமையோடு எழுதினார். அதில் விளம்பரம் கலந்திருக்கும்தான். ஆனால் அரசியின் பாவாடை விளிம்புக்குக் கீழே இருந்த அந்தப் பூட்ஸுக்கு எந்தக் காவல்துறையின் சீட்டும் தேவைப்படவில்லை.