குப்பி என்னும் சிறு கலம்

நம் பாட்டிமார் நாவில் இயல்பாகப் புழங்கி, இன்று மெல்ல மறைந்துவரும் சொற்களுள் ‘குப்பி’யும் ஒன்று. மருந்து, தைலம், அத்தர் போன்றவற்றை வைக்கும், கழுத்துக் குறுகிய சிறு கலத்திற்கு அது பெயர். தமிழகத்தில் அதைப் ‘பாட்டில்’ என்கிறோம். ஈழத்தில் ‘போத்தல்’ என்பர். எனினும் இவ்விரு சொற்களும் குப்பியின் இடத்தை நிரப்பிவிடவில்லை. கலம் சிறியது, உள்ளிருப்பது அரியது என்னும் இரு குறிப்புகள் அச்சொல்லில் அடங்கியுள்ளன. குடம் குடமாக ஊற்றுவதை எவரும் குப்பியில் வைப்பதில்லை. துளித்துளியாக வார்க்க வேண்டியதையே வைப்பர்.

சித்த மருத்துவர்கள் இதனை நன்கு அறிவர். இரசத்தையும் கந்தகத்தையும் அரைத்துக் காசிக்குப்பி எனும் கண்ணாடிக் குப்பியிலிட்டு, அதன்மேல் சீலைமண் செய்து, மணல் நிறைந்த கலத்தில் புதைத்து எரிப்பார்கள். குப்பியின் கழுத்தில் சிவந்து படிவதே செந்தூரம். நஞ்சென்று அஞ்சப்படும் இரசம் மருந்தாக மாறும் இடமாகவே நம் முன்னோர் குப்பியைக் கண்டனர்.

திருவிவிலியத்திலும் இச்சிறு கலத்திற்கு இடமுண்டு. சவுலை இஸ்ரயேலின் முதல் அரசராகத் திருப்பொழிவு செய்த சாமுவேல், குப்பியிலிருந்த எண்ணெயையே அவர் தலைமேல் வார்த்தார் (1 சாமு 10:1). ஏகூவின் திருப்பொழிவும் அவ்வாறே நடந்தது (2 அர 9). தாவீதுக்கும் சாலமோனுக்கும் எண்ணெய் வார்க்கப்பட்டதோ கொம்பிலிருந்து. கொம்பினால் திருப்பொழிவு பெற்றோரின் ஆட்சி நிலைத்தது, குப்பியினால் பெற்றோரின் ஆட்சி நிலைக்கவில்லை என்று தல்மூதில் யூத அறிஞர்கள் விளக்கம் கூறினர். நமக்கோ, ஆட்சி நிலைப்பதும் நிலையாததும் கலத்தைப் பொறுத்ததன்று. எண்ணெய் பெற்றவரின் இதயத்தைப் பொறுத்ததே என்று தோன்றுகிறது.

திருச்சபையின் இலத்தீன் வழக்கில் இக்கலத்திற்கு ‘அம்புல்லா’ என்று பெயர். ஆறாம் நூற்றாண்டளவில் புனித பூமிக்குச் சென்ற திருப்பயணிகள், அங்கு எரிந்த விளக்குகளின் எண்ணெயைச் சிறு உலோகக் குப்பிகளில் பெற்று ஊர் திரும்பினர். அவற்றுள் சில இத்தாலியின் மோன்சா பேராலயத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. நெடுவழி நடந்து அவர்கள் கொண்டுவந்தது பொன்னன்று. சில துளி எண்ணெயே.

நம் பங்குகளிலும் இவ்வழக்கு தொடர்கிறது. எண்ணெய்த் திருப்பலியில் ஆயர் மந்திரிக்கும் எண்ணெய்கள் சிறு கலங்களில் பங்குகளுக்கு வருகின்றன. நோயாளரைச் சந்திக்கச் செல்லும் குருவின் பையில் அவற்றுள் ஒன்று இருக்கும். ஒலிவ எண்ணெய் கிடைப்பதற்கு அரிதான நாடுகளை எண்ணி, வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இசைவளித்தார். எந்த ஏழை நாட்டின் நோயாளியும் அக்குப்பியின் ஆறுதலை இழந்துவிடலாகாது என்பதே அதன் பொருள்.

ஈழத்தில் இச்சொல் வேறு வழியில் சென்றது. சிறு போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டால் அது குப்பி விளக்கு. 1990-க்குப் பின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணம் இருண்டிருந்த ஆண்டுகளில், பிள்ளைகள் இத்தகைய விளக்கொளியிலேயே பாடம் படித்தனர். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் இளையோர்க்குத் தாமாகவே நடத்தும் பாடத்திற்கும் இன்று ‘குப்பி’ என்றே பெயர்.

அதே மண்ணில், அதே ஆண்டுகளில், அச்சொல் இன்னொரு பொருளையும் ஏற்றது. போராளிகளின் கழுத்தில் தொங்கிய சயனைடு நஞ்சுக் கலமும் ‘குப்பி’ எனப்பட்டது. 1987 அக்டோபர் 5 அன்று பலாலியில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களுள் பன்னிருவர் நஞ்சருந்தி மாண்டனர். 2009-இல் போர் முடியும்வரை எத்தனையோ இளையோர் கழுத்தில் அது தொங்கியது. தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்ட தாயர், மக்களின் கழுத்தில் நஞ்சைக் கண்டனர்.

இதனை எண்ணும்போது எளிய தீர்ப்புகள் நம் வாயில் நின்றுவிடுகின்றன. உயிர் கடவுளின் கொடை. அதை மாய்க்க நமக்கு உரிமையில்லை என்று திருச்சபை தெளிவாகக் கற்பிக்கிறது. ஆயினும் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு (எண் 2283) உரைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் ஏற்க வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால், மகனை இழந்த தாயின் முன் நாம் கல்நெஞ்சராவோம்.

ஒரே சொல் மருந்தையும், எண்ணெயையும், ஒளியையும், நஞ்சையும் தாங்கியிருக்கிறது. கலத்தின்மேல் குற்றமில்லை. அதனுள் எதை வைத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. அடுத்த முறை ஆலயத்தில் எண்ணெய்க் குப்பியைக் காணும்போது, நஞ்சுக் குப்பியோடு மாண்ட அந்தப் பிள்ளைகளையும் நினைந்து ஒரு கணம் மன்றாடுவோம்.