பத்து நிமிட ஆட்டக்காரர்: கனடா ஐஸ் ஹாக்கி அணித் தேர்வு, 1998–2014

1998 பிப்ரவரியில் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவும் செக் குடியரசும் 1-1 என்று நின்றன. கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டாமல் ஆட்டம் ஷூட் அவுட்டுக்குப் போனது. ஃபிளூரி, பூர்க், நியூவெண்டைக், லிண்ட்ரோஸ், ஷானஹன் என ஐந்து பேரைக் கனடா அனுப்பியது. செக் கோல் காப்பாளர் டொமினிக் ஹாஷெக் ஐவரையும் தடுத்துவிட்டார். வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல். வரலாற்றில் அதுவரை யாரும் அடிக்காத அளவு கோல் அடித்திருந்த வெய்ன் கிரெட்ஸ்கி அந்த நேரம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

என்.எச்.எல். வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆடிய முதல் முறை அது. கனடா நான்காம் இடத்தோடு ஊர் திரும்பியது. கிரெட்ஸ்கியை ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. மார்க் மெஸ்ஸியே என்ற நட்சத்திரமே இடம்பெறாத அணியில் டாம்பா பே கிளப்பின் ராப் ஜமூனர் எப்படி வந்தார்? எதிரணியின் பெரிய ஆட்டக்காரர்களை ஒட்டி நின்று மடக்குவது, ஆள் குறைந்த நிமிடங்களைத் தாங்கி நிற்பது ஆகியவை ஜமூனரின் வேலை. இத்தகையவரை இக்கட்டுரையில் ‘பணி வீரர்’ என்கிறேன். தமிழில் ஹாக்கி என்றதும் நம் மனம் மைதான ஹாக்கிக்குத்தான் போகும். ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால், பணிப் பிரிவினை அங்கே இன்னும் கூர்மையானது.

ஜமூனர்மீது பழி போடுவது நியாயமில்லை. ஐந்து பேரையும் ஒருவர் தடுத்த ஆட்டம் அது. ஆனால் அவரைத் தேர்ந்த சிந்தனையில் ஒரு பிழை இருந்தது என்பது என் துணிபு. அது கிளப்பின் கட்டமைப்பைத் தேசிய அணிக்கு அப்படியே பெயர்த்து வைத்த பிழை. கிளப்புக்கு முதல்தரக் கோல் வீரர்கள் ஐந்தாறு பேர் கிடைத்தாலே பெரிது. மீதி இடங்களை உழைப்பாளிகளைக் கொண்டு நிரப்பத்தான் வேண்டும். கனடாவின் தேசிய அணிக்கு அந்தப் பஞ்சமே கிடையாது. பஞ்சத்துக்காகப் பிறந்த ஏற்பாட்டைச் செழிப்பில் ஏன் கடைப்பிடிக்க வேண்டும்?

அதிகம் கோல் அடிப்பவர்களை மட்டுமே எடுத்தால் போதும் என்ற நேர் எதிரான வாதமும் தவறுகிறது. ஆட்டம் 60 நிமிடம். ஒரே நேரத்தில் மூன்று முன்களத்தார் என்றால் மொத்தம் 180 நிமிடங்கள். முதல் ஆறு பேர் தலைக்கு 19 நிமிடம் எடுத்துக்கொண்டால், எஞ்சிய ஆறு பேருக்குத் தலைக்கு 11 நிமிடந்தான். எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் அவர்களுக்கு இடம் கிடைக்காது என்பதால் நடைமுறையில் அது இன்னும் சுருங்கும். இருபது நிமிடமும் பவர் பிளேயும் கொடுத்தால் கோல் குவிக்கும் ஒருவரை இந்தப் பத்து நிமிடத்துக்குள் அடைத்தால், அவர் குவித்த கோல்களின் காரணத்தையே பறித்துவிடுகிறோம். ஆகவே தேர்வாளர் கேட்க வேண்டிய கேள்வி, பத்து நிமிடத்தில் இவர் என்ன செய்வார் என்பதே.

2006 டூரின் ஒலிம்பிக் இதற்குக் கசப்பான சான்று. 18 வயது சிட்னி கிராஸ்பிக்கு இடமில்லை. டாட் பெர்டூஸி, கிரிஸ் டிரேப்பர், ஷேன் டோன் ஆகியோர் அணியில் இருந்தார்கள். கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்றில் கனடா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஸ்விட்சர்லாந்து, பின்லாந்து, காலிறுதியில் ரஷ்யா என மூன்றிலும் 0-2. கிராஸ்பியை எடுத்திருந்தால் போதும் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த சீசனில் என்.எச்.எல். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஜோ தார்ன்டனும் அந்த அணியில்தான் இருந்தார். அணி தோற்றது கோல் வீரர்கள் இல்லாததால் அல்ல. கீழ்வரிசைகளால் ஆபத்து வராது என்று தெரிந்தபின், எதிரணி தன் தடுப்பாற்றல் முழுவதையும் மேல்வரிசைமேல் குவிக்க முடிந்தது. நான் அப்படித்தான் அத்தோல்வியை வாசிக்கிறேன்.

2010 வான்கூவரில் ஸ்டீவ் ஐசர்மன் தேர்வுக்குப் பொறுப்பேற்றார். மைக் பாப்காக் பயிற்சியாளர். எதிரணியின் முதல்வரிசையை மடக்கும் பொறுப்பு ஜானதன் டேவ்ஸ், ரிக் நாஷ், மைக் ரிச்சர்ட்ஸ் மூவருக்கும் போனது. மூவருமே தத்தம் கிளப்பின் கேப்டன்கள். மேல்வரிசை ஆட்டக்காரர்களே பணி வீரர்களின் வேலையைச் செய்தார்கள். காலிறுதியில் ரஷ்யாவை 7-3 என்று வீழ்த்தினார்கள். அமெரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதல் கோலும் இவர்களிடமிருந்தே வந்தது: ரிச்சர்ட்ஸ் அடித்துத் திரும்பிய பக்கை (ஆட்ட வட்டை) டேவ்ஸ் உள்ளே தள்ளினார். தொடர் முழுவதும் ஒரே கோல் அடித்த டேவ்ஸுக்குச் சிறந்த முன்களத்தார் விருது கிடைத்தது.

அதே அணியில் பாட்ரிஸ் பெர்ஜெரோனும் இருந்தார். அவரை எதற்காக எடுத்தார்கள் என்பதை நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு ஃபேஸ் ஆஃபை உற்றுப் பார்த்தால் புரியும். தன் அணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில். நடுவர் கனடாவின் கோலுக்கு அருகிலுள்ள வட்டத்தில் பக்கைக் கையில் வைத்திருக்கிறார். மட்டையின் கீழ்ப்பிடியில் கையைத் திருப்பிவைத்து, முதுகை வளைத்து, நடுவரின் விரல்களையே பார்க்கிறார் பெர்ஜெரோன். பக் விழுந்ததும் ஒரே இழுப்பில் அதைப் பின்னால் நிற்கும் தடுப்பாளருக்குத் தருகிறார். அவர் மறுமுனைக்கு அடித்துவிடுகிறார். ஆள் குறைந்த அணி அப்படி அடித்தால் ஐசிங் என்ற விதிமீறல் ஆகாது. எதிரணி திரும்பிப் போய்ப் பக்கை எடுத்து வரப் பத்துப் பதினைந்து வினாடி. இரண்டு நிமிடத் தண்டனையில் எட்டில் ஒரு பங்குவரை கரைந்துவிடும். புள்ளிப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

2014 சோச்சியில் கனடா ஆறு ஆட்டங்களில் 17 கோல் அடித்து, 3 மட்டுமே வாங்கியது. லாட்வியாவை 2-1, அமெரிக்காவை 1-0, இறுதியில் ஸ்வீடனை 3-0 என்று வென்றது. அணியில் மிக அதிகமாக, 4 கோல் அடித்தவர் ட்ரூ டவுட்டி என்ற தடுப்பாளர்.

ஆனாலும் அந்தத் தேர்வில் ஒரு காயம் உண்டு. 2012-13 சீசனில் என்.எச்.எல். புள்ளிகளில் முதலிடம் பிடித்த மார்ட்டின் செயின்ட் லூயியை முதலில் விட்டுவிட்டார்கள். அவர் ஆடிய டாம்பா பே கிளப்பின் பொது மேலாளரும், தேர்வுப் பொறுப்பில் தொடர்ந்த ஐசர்மனே. அணிக்குத் தேர்வாகியிருந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸின் கால் முறிவு ஆறாததால் பிறகு அழைத்தார்கள்; ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில் செயின்ட் லூயி கிளப்பை விட்டே போனார். பத்து நிமிட அளவுகோலை நேர்மையாக வைத்திருந்தால் அவர் முதலிலேயே தேறியிருப்பார் என்றே நம்புகிறேன். இளம் வீரர்களைக் கிளப்புகள் பங்கிட்டு எடுக்கும் டிராஃப்டில் எந்தக் கிளப்பும் எடுக்காமல், கிடைத்த சில நிமிடங்களைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர் அவர்.

கிறிஸ் கூனிட்ஸின் தேர்வையும் பலர் கேள்வி கேட்டார்கள். கிளப்பில் கிராஸ்பியின் பக்கத்தில் ஆடிப் பழகியவர் என்பதே அவருக்கு ஆதரவான வாதம். இறுதியாட்டத்தின் மூன்றாவது கோல் அவருடையது. அந்த வரிசையில் கூனிட்ஸ் ஒரு பக்கம், கிராஸ்பி நடுவில். மறுபக்கம், நான்காண்டுகளுக்கு முன் ஃபேஸ் ஆஃபுக்கென்று வந்த பெர்ஜெரோன்.